கண்டக் கோப்பையில் ஒரு கோல்

கண்டத்து நாடுகளெல்லாம் மோதும் கண்டக் கோப்பைக் கால்பந்தில் நாட்டுக்காக ஆடி ஒரு கோல் அடித்த பெருமையிலேயே முப்பது வருடம் ஓட்டியவர், எங்கள் தெருத் தையல்கடைக்காரர். டிவியில் மேட்ச் என்றால் முன்வரிசை நாற்காலி அவருக்குத்தான். 'கோல் மாமா' என்றால் கைக்குழந்தையும் கை காட்டும். இப்போது கிளப் மைதானத்துக்கே அவர் பெயரை வைக்கப் போகிறார்கள்.

பெயர்ப்பலகை எழுதக் கொடுக்குமுன் கிளப் செயலாளர் பழைய பேப்பர்களைப் புரட்டினார். நேரே தையல்கடைக்கு ஓடினார்.

"மாமா, கண்டக் கோப்பைக்கு நம்ம நாட்டு டீம் மூணு தடவை போயிருக்கு..."

"நமக்கு அது கோப்பை இல்ல தம்பி, வெறும் கண்டம்!"

"விளையாடாதீங்க மாமா. மூணு தடவையும் நம்ம டீம் ஒரு கோல்கூடப் போடலையாம். நீங்க ஆடின மேட்ச்லயும் எதிர் டீமுக்கு ஒண்ணு, நமக்கு ஜீரோ. நீங்க கோல் அடிச்சது நெஜந்தானா? போர்டு எழுதறவர் பிரஷ்ஷோட நிக்கிறாரு."

மாமா தையல் மெஷினை நிறுத்தவே இல்லை.

"இதுல என்ன சந்தேகம்? அந்த ஒண்ணு நான் அடிச்சதுதான்."

"ஐயோ! சேம் சைடு கோலா?"

"கோல் அடிச்சீங்களான்னு கேட்டீங்க, அடிச்சேன்னேன். எந்தப் பக்கம்னு இந்த முப்பது வருஷத்துல ஒருத்தராவது கேட்டீங்களா?"