தாங்கியில் சாய்ந்த கிட்டார்

ஒரு மேடையில் மரக் கிட்டார் ஒன்றும் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றும் இருந்தன. இரண்டின் ஒயர்களும் ஸ்பீக்கர்களுக்குத்தான் போயின. அன்றைக்குக் கச்சேரியில் தாலாட்டுப் பாட்டு முடிந்ததும், இரண்டையும் வாசிக்கும் எட்வின் மரக் கிட்டாரைத் தாங்கியில் சாய்த்துவிட்டு, எலெக்ட்ரிக்கைத் தோளில் மாட்டிக்கொண்டான். அவசரத்தில், மரக் கிட்டாரின் சத்தத்தை நிறுத்தும் பொத்தானைக் காலால் மிதிக்க மறந்துபோனான்.

"இனி இவன் கத்துவான். நான் தூங்க வேண்டியதுதான்" என்று மரக் கிட்டார் கண்ணை மூடிக்கொண்டது. உள்ளே கூடில்லாத, வயிறே இல்லாத தட்டைப் பயலுக்குச் சங்கீதம் எங்கிருந்து வரும் என்பது அதன் நெடுநாள் கேள்வி.

எலெக்ட்ரிக் ஒரு சுரத்தை நீளமாக இழுத்தது. அது பனிமூட்டம் மாதிரி மேடையெல்லாம் பரவி, மரக் கிட்டாரின் வயிற்றுக்குள்ளும் புகுந்தது. உள்ளே யாரோ விளக்கேற்றி வைத்ததுபோல் இருந்தது. யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் அதன் கம்பிகள் மெல்லக் கூடவே முனகின. அரங்கமே மூச்சடக்கிக் கேட்டது.

பாட்டு முடிந்ததும் எலெக்ட்ரிக் ஆசையோடு கேட்டது: "அக்கா, என்கூடப் பாடினது நீங்கதானே?"

"நானா? நான் அப்பவே தூங்கிட்டேனே!"

அதன் கம்பிகள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த நடுக்கத்தை ஸ்பீக்கர்கள் ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தன.