வாடகை முட்டை

கோழிகளுக்குக் காய்ச்சல் வந்து பண்ணையெல்லாம் காலியான பிறகும், முட்டை இல்லாத பிரியாணிப் பந்தி கௌரவக் குறைச்சல் என்கிற நினைப்பு மட்டும் திண்டுக்கல்லை விட்டுப் போகவில்லை. அதனால் அங்கே முட்டையை வாடகைக்கு விட்டார்கள்.

அதைத் தூக்கிக்கொண்டு போவதுதான் சின்னமாயனுக்கு வேலை. அவித்து உரித்த முட்டையை ஒருவருடைய இலையில் வைப்பார். போட்டோ எடுத்ததும் கரண்டியால் அள்ளி அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுவார். சாயங்காலம் அது முழுசாக முதலாளி வீட்டுக்குப் போக வேண்டும். கீறல் விழுந்தால்கூட வேலை போய்விடும்.

அன்றைக்குக் கல்யாணப் பந்தியில் மாசமாக இருந்த செவ்வந்தியின் முறை வந்தது. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை, முட்டையை எடுத்துக் கடித்துவிட்டாள்.

"அடியே, அது பாக்குறதுக்குடி," என்று பதறினான் புருஷன்.

"பாத்துட்டுத்தான் தின்னேன்."

சின்னமாயன் பக்கத்தில் காலியாக இருந்த இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே தாயி."

செவ்வந்தி மெல்வதை நிறுத்தினாள். "எத்தனை வருசமாண்ணே இதைத் தூக்குறீங்க?"

"அது ஆச்சு, ஆறு வருசம்."

"ஒரு வாயாச்சும் தின்னிருக்கீங்களா?"

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. அவள் மீதிப் பாதியை அவர் இலையில் வைத்தாள்.

"எப்படியும் வேலை போச்சு. தின்னுங்கண்ணே."

வாய் வரைக்கும் கொண்டுபோனவர் சட்டென்று நிறுத்தினார்.

"கொஞ்சம் உப்பு இருந்தாக் குடு தாயி," என்றார்.