நேரில் நின்ற இருவர்

செலவைக் குறைக்க நகராட்சி பிரசவ வார்டை மூடப்போகிறது என்றதும் ஆஸ்பத்திரி ஊழியர் சங்கம் தர்ணா அறிவித்தது. வர முடியாதவர்கள் கைபேசி வழியே தங்கள் உருவத்தை அனுப்பலாம். அது நகராட்சி அலுவலக வாசலில் நின்று கையை உயர்த்திக் கோஷம் போடும். தொட்டுப் பார்த்தாலொழிய ஆள் இல்லையென்று தெரியாது.

செயலாளர் இசக்கிமுத்து தன் உருவத்தை முன்வரிசையில் நிறுத்திவிட்டு, வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். மற்றவர்கள் நேரில் போவார்கள் என்று நினைத்தார். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

உச்சி வெயிலில், வார்டைப் பெருக்கும் பிரகாசி கடைசி வரிசையில் தள்ளாடுவதைக் கைபேசியில் பார்த்தார். பக்கத்தில் நின்றவனைப் பிடிக்கப் போனாள்; கை காற்றில் போயிற்று. பிறகு தூரத்தில் நின்ற அவருடைய உருவத்தை நோக்கிக் கை நீட்டினாள். அது "மூடாதே, மூடாதே" என்று கத்திக்கொண்டிருந்தது. அவர் ஓடிப்போனால் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவார்; முதலில் அதை அணைக்க வேண்டும். அணைத்தால் செயலாளரே வரவில்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். விரல் திரைமேல் அப்படியே நின்றது. கடைசியில் ஒரு போலீஸ்காரர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனார். பிரகாசிக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"அம்புட்டுப் பேரும் உருவத்த அனுப்பிட்டானுவ, அண்ணாச்சி. நீங்களும் நானுந்தான் நேர்ல நின்னிருக்கோம்."

அவர் கட்டிலின் காலைப் பார்த்தார்.

"நான் கை நீட்டுனது ஒங்க கண்ணுல பட்டிருக்காது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிருக்குமே?" பையிலிருந்து பனங்கற்கண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

இசக்கிமுத்து அதை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு குரலைக் கம்மவைத்துக்கொண்டு, "பரவாயில்ல, பிரகாசி," என்றார்.