வலது காது

இடது காதை மட்டும் மூடிக்கொண்டாள்.

ஹெட்போனின் வலது கிண்ணம் காதை விட்டு விலகி, கொண்டைமேல் சாய்ந்திருந்தது.

வலது காது உள்ளறைக்கு.

அங்கே மாமனார் படுத்திருக்கிறார். கட்டிலருகே ஒரு ஸ்டூல். அதன்மேல் தண்ணீர்ச் செம்பு, எவர்சில்வர் டம்ளர், ஸ்பூன். ஏதாவது வேண்டுமென்றால் ஸ்பூனால் டம்ளரைத் தட்டுவார்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. வெளிவராமலே போன ஒரு படத்துக்குப் பதிவானது. கடைசிச் சரணம் முடிந்ததும் கோரஸில் ஒரு பெண் கேள்வி கேட்பாள். இன்னொருத்தி பதில் சொல்வாள்.

பதில், இவள் குரல்.

பதினோரு வருடத்துக்கு முந்தைய குரல். அவள் தனியாகப் பாடிய ஒரே வரி.

கேள்வியை இடப்பக்கமும் பதிலை வலப்பக்கமும் பிரித்து வைத்திருந்தார்கள். ஸ்பீக்கரில் கேட்டபோது அது தெரியவேயில்லை. வலது பெட்டியில் புறப்படும் ஒலி சுவரில் படும், பீரோவில் படும், திரும்பி இரண்டு காதுக்கும் வந்து சேரும். அடுப்படியில் நின்றாலும் தேடி வரும்.

ஹெட்போனில் சுவர் கிடையாது. வலதில் இருப்பது வலது காதுக்கு மட்டும்.

இரண்டு மாதமாக அவளுக்குக் கேள்வி மட்டும்தான் கேட்கிறது.

வாங்கி வந்தது கணவன். பல நாள் படித்துப் பார்த்துத்தான் வாங்கினான். இதே துல்லியம் ஸ்பீக்கரில் வேண்டுமென்றால் பத்து மடங்கு செலவாகும் என்றான். அப்பாவும் நிம்மதியாகத் தூங்குவார் என்றான்.

துல்லியம் உண்மைதான். பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

ஒரே ஒருநாள் இரண்டு காதையும் மூடினாள். தன் வரி வருவதற்குள் உள்ளறையை எட்டிப் பார்த்தபோது டம்ளர் தரையில் உருண்டு கிடந்தது. அவர் வேட்டி நனைந்திருந்தது. அன்று மாலை அதைக் கேட்ட கணவன் ஹெட்போனை ஒருமுறை பார்த்தான்.

இன்று பிற்பகல்தான் அவளுக்குத் தோன்றியது.

ஹெட்போனைக் கழற்றினாள். இடம் வலமாகத் திருப்பி மாட்டினாள். வலது கிண்ணம் இப்போது இடது காதில்.

இவ்வளவு எளிதா என்று சிரிப்பு வந்தது.

முதலிலிருந்து போட்டாள். பல்லவி. முதல் சரணம். இடையிசை. கடைசிச் சரணம்.

டங். டங்.

நிறுத்திவிட்டு எழுந்து போனாள்.

செம்பில் தண்ணீர் இருந்தது. வேட்டி நனையவில்லை. மின்விசிறி சுற்றியது. அவர் கண்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல எழிலு. வீட்ல சத்தமே இல்ல. நீ இருக்கியான்னு தட்டிப் பாத்தேன்."

போர்வையை இழுத்துவிட்டாள். விரல் அப்படியே நின்றது.

காலையிலிருந்து இது ஒன்பதாவது முறை. ஸ்பீக்கர் பாடிய நாட்களில் இரண்டு, மீறினால் மூன்று.

திரும்பி வந்து ஆம்ப்ளிஃபையர் முன் உட்கார்ந்தாள்.

ஹெட்போன் பிளக் உள்ளே போகும்போது ஒரு சின்னத் தகட்டைத் தள்ளும். தகடு விலகினால் ஸ்பீக்கருக்குப் போகும் வழி அறுந்துவிடும். பிளக்கை உருவினால் தகடு தானாகப் பழைய இடத்துக்கு வரும். எதுவும் பழுதாவதில்லை. உள்ளே அது காத்துக்கொண்டுதான் இருக்கும்.

உருவினாள்.

பாட்டை முதலிலிருந்து போட்டாள்.

கூடம் நிறைந்தது. பீரோக் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. எழுந்து நடந்து பார்த்தாள். அடுப்படி வரை. பால்கனி வரை. பாட்டு கூடவே வந்தது.

உள்ளறையை எட்டிப் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். ஸ்பூன் ஸ்டூலில் கிடந்தது.

முதல் சரணம். இடையிசை.

கீழே கணவனின் வண்டி வந்து நின்றது. இன்று சீக்கிரம்.

கடைசிச் சரணம்.

படிகளில் ஷூ சத்தம். முதல் மாடி. இரண்டாம் மாடி.

ஆம்ப்ளிஃபையர் முன் வந்து நின்றாள்; பிளக் அவள் கையில் இருந்தது. திரும்பச் செருக அரை விநாடி போதும்.

பூட்டில் சாவி திரும்பியது.

அவள் வரிக்கு இன்னும் இருபது விநாடி.

ஹெட்போன் ஒயரைச் சுருட்டத் தொடங்கினாள்.