வெயிலில் செத்த எலிகள்

ராஜபாளையத்து ஆய்வுக்கூடத்தின் எலி அறையில், காலை வெயில் ஜன்னல் கம்பிகளை வெள்ளைத் தட்டின் மேல் கோடுகளாக இறக்கியிருக்கிறது. தட்டில் நான்கு எலிகள் செத்துக் கிடக்கின்றன. அடையாளத்துக்குத் தற்காலிக உதவியாளர் செல்லக்கனி வாலில் போட்ட நீலக் கோடுகள் இன்னும் அழியவில்லை. நேற்று அவள் சோதனைக்காக அவற்றுக்குப் புகட்டிய அயனித் திரவம் ஆவியாகாது, காற்றைக் கெடுக்காது. ஆகவே அது உலகத்தைக் காக்க வந்த பசுமைக் கரைப்பான் என்று வாசல் பேனர் சொல்கிறது. பேனரில் பாதியை இயக்குநர் கண்ணபிரானின் கோட்டு எடுத்துக்கொண்டிருக்கிறது. அதே கோட்டோடு வந்து அவர் பதிவேட்டில் விரல் வைக்கிறார். "வெயில் தாங்காமச் செத்துச்சுன்னு எழுதும்மா. ஒன்னை நிரந்தரமாக்குற கடிதம் என் மேஜையிலதான் இருக்கு." செல்லக்கனி பக்கத்துக் கூண்டைப் பார்க்கிறாள். வெறும் தண்ணீர் குடித்த நான்கும் கறுக்குமுறுக்கென்று கம்பியைக் கடித்துக்கொண்டிருக்கின்றன. "அம்புட்டு வெயிலும் இந்த நாலு மேல மட்டுமா சார் அடிச்சுது?" "நீ என்ன விஞ்ஞானியா?" "இல்ல சார். எண்ணத் தெரியும்." அவர் நீட்டும் பென்சிலை அவள் வாங்கவில்லை. தன் பேனாவால், 'திரவம் கொடுத்தபின் இறப்பு: நான்கு' என்று அடுத்த தாளிலும் தடம் விழ அழுத்தி எழுதிக் கையெழுத்திடுகிறாள். "மாத்தணும்னா கோடு போட்டு அடிச்சுத்தான் சார் மாத்தணும். அடிச்ச எடத்துல அடிச்சவியதான் கையெழுத்துப் போடணும்," என்று பேனாவை அவரிடம் நீட்டுகிறாள்.