மேல் சட்ஜம்

"இன்னொரு தடவை ஊதுளா. மேல் சட்ஜத்துல அசையாம நின்னு காட்டு."

சந்தனச்செல்வி நாதஸ்வரத்தை மறுபடியும் தூக்கினாள். வேம்பாரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவள், காலை ஆறரையிலிருந்து ஊதிக்கொண்டிருக்கிறாள். அவளுக்காகவே இசைக் கல்லூரி வாட்ச்மேனை எழுப்பிக் கதவைத் திறக்கச் சொன்ன செல்வதுரை சார், வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் சுக்குக் காப்பியும் கொண்டுவந்திருந்தார். இப்படியொரு வாத்தியார் யாருக்குக் கிடைப்பார்?

நாதஸ்வரத்தில் விரல்கள் பார்ப்பது பாதி வேலைதான். ஒரே விரல் பிடியில் கீழ்ச் சுரமும் பேசும், மேல் சுரமும் பேசும். எது பேச வேண்டும் என்று முடிவு செய்வது, சீவாளி என்ற சின்ன நாணல் ஊதுவாயைக் கவ்வியிருக்கும் உதடு. உதட்டை இறுக்கிக் காற்றைக் கூட்டினால் சுரம் ஒரு மாடி ஏறிவிடும்.

இரண்டு வருஷமாகக் கடைசிப் பரீட்சையில் அவள் தவறியது அந்த மாடிப்படியில்தான். மற்ற நாட்களில் மேல் சட்ஜம் குத்துவிளக்குச் சுடர் மாதிரி நிற்கும். பரீட்சை அன்றைக்கு மட்டும் உடைந்துவிடும். பயம்தான் காரணம் என்று சார் சொன்னார். பயத்துக்கு மருந்து சாதகம், விடாமல் வாசித்துப் பழகுவது என்றும் அவர்தான் சொன்னார்.

இந்தத் தடவை தவறக் கூடாது. கடற்கரைக் கோயில் ஒன்றில் நாதஸ்வரம் வாசிக்க ஒரே ஓர் ஆள் எடுக்கிறார்கள். வியாழக்கிழமை நேர்காணல், சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். யாராவது அந்த வேலையில் உட்கார்ந்துவிட்டால், ஓய்வு பெறும் வரை அடுத்த ஆளுக்கு இடமில்லை.

ஒன்பது மணிக்குப் பேச்சிராஜா வந்தான். அவனுக்கும் இன்றைக்குத்தான் கடைசிப் பரீட்சை. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் கரித்தூசியைச் சட்டையிலிருந்து தட்டிக்கொண்டே அவளைப் பார்த்தான்.

"ஏளா, உள்ள காத்தெல்லாம் இங்கனயே தீத்துட்டு, பரீட்சகருக்கு என்னத்த ஊதப் போற? நான் இன்னைக்குச் சீவாளியத் தொடவே இல்ல."

"உனக்கென்னலே, மொதத் தடவ. எனக்கு மூணாவது."

"அவன் கிடக்கான் சோம்பேறி," என்றார் சார். "நீ வாசி."

பேச்சிராஜா விடவில்லை. "சார், அடுத்த வருஷத்துக்கு நாதஸ்வரத்துல ஒரே ஒருத்தன்தான் புதுசா சேந்திருக்கானாமே? கிளாரினெட் வகுப்பப் பூட்டுன மாதிரி இதையும் பூட்டிருவாங்களோ?"

"அத நாங்க பாத்துக்கிடுதோம். நீ ஒன் தாளத்தப் பாரு." சார் சிரித்தபடி சந்தனச்செல்வியிடம் திரும்பினார். "உன்னயக் கடைசியா வச்சிருக்கேன். கடைசியாக் கேட்டதுதான் பரீட்சகர் மனசுல நிக்கும். அதுவரைக்கும் உதடு ஆறிரக் கூடாது, வாசிச்சிக்கிட்டே இரு."

பேச்சிராஜா பத்தரைக்குப் போய் வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான். அவளை அழைத்தபோது மணி பன்னிரண்டரை.

தோடியை எடுத்தாள். கீழே ராகம் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. வெளியூரிலிருந்து வந்திருந்த பரீட்சகர் கண்ணை மூடித் தலையாட்டினார். அப்புறம் மேல் சட்ஜம்.

உதட்டின் ஓரம் நடுங்கியது. வாயைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. சீவாளியை இறுக்குவது அதுதான். களைத்துவிட்டால் அது மனசு சொல்வதைக் கேட்காது. முதல் தடவை சுரம் பிளிறியது. இரண்டாவது தடவை இரண்டாகப் பிளந்தது. மூன்றாவது தடவை வெறும் காற்றுதான் வந்தது.

"கீழ இவ்வளவு அழகா வாசிக்கிறியேம்மா," என்றார் பரீட்சகர் வருத்தத்தோடு. "மேல போகாம நான் எப்படிச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட?"

வெளியே சாரின் கண்ணும் கலங்கியிருந்தது.

"உதடு இன்னும் பழகல செல்வி. ஒரே ஒரு வருஷம். நான் உன்ன விட்டுருவேனா?"

"வியாழக்கிழம இன்டர்வியூ சார்."

"கோயிலு எங்க ஓடிரப் போவுது? மறுபடி சேர ஃபாரம்லாம் நான் பாத்துக்கிடுதேன். நீ வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்கு."

வாசல் வரைக்கும் வந்தவள் நின்றாள். தனக்காக விடியற்காலையிலேயே எழுந்து வந்த மனுஷன். ஒரு ஃபாரத்துக்கும் அவரையே அலைய விடுவதா? முகத்தைக் கழுவிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

கிளார்க் ஜெனிலா மத்தியானச் சாப்பாட்டில் இருந்தாள்.

"எக்கா, மறுபடி சேர ஒரு ஃபாரம் குடுங்க."

"உனக்கு எதுக்கு ஃபாரம்? ஆறு பேரு இல்லன்னா வகுப்பப் பூட்டி, செல்வதுர சாரயும் வீட்டுக்கு அனுப்பிருவாங்கல்லா? அதான் அடுத்த வருஷத்துக்கு அவரே ஆறு பேரு லிஸ்ட்டு குடுத்துட்டாரு. ஆறாவது நீதான்."

 சந்தனச்செல்வி முகம் கழுவி வருவதற்குள் தனக்காக ஓடி வந்துவிட்டுப் போயிருக்கிறாரே!

"அதுக்குள்ளயா வந்து குடுத்தாரு? நான் ஃபெயிலாகி அர மணி நேரங்கூட ஆவலயேக்கா."

ஜெனிலா சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னைக்கா? போன மாசமே குடுத்துட்டாருளா!"