கதவு சொன்ன பதில்

ஜெபக்கனியின் வீட்டில் யார் மணியடித்தாலும், அவளுக்காகக் கதவே பதில் சொல்லும். எந்தக் கொள்கைப்படி பேச வேண்டும் என்று குடிவந்த அன்று அது கேட்டபோது, "உண்மை" என்று பெருமையோடு சொல்லியிருந்தாள்.

அன்று காலை அவள் தங்கை ஸ்டெல்லா வீங்கிய கன்னத்தோடு வந்து சேர்ந்தாள். அரைமணி நேரத்தில் ஸ்டெல்லாவின் கணவன் டேவிட்சன் வாசலில் நின்றான்.

"ஸ்டெல்லா இங்க வந்தாளா?"

ஜெபக்கனி ஓடிவருவதற்குள் கதவு சொல்லிவிட்டது. "ஆமாம், உள்ளே இருக்கிறார்."

"பின்வாசல் இருக்கா?"

"இருக்கிறது. தாழ் போடவில்லை."

"அக்கா!" ஸ்டெல்லா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"போய்த் தாழ் போடுடி!" என்று கத்திவிட்டு, ஜெபக்கனி முன்கதவை அகலத் திறந்தாள். பின்பக்கம் போகத் திரும்பியவன் நின்றான். ஜெபக்கனி வாசலை மறித்து நின்றாள்.

"மதினி, தள்ளுங்க. அவள்ட்ட பேசணும்."

"உள்ளதான் இருக்கா. உங்ககூட வரமாட்டா." குரலை உயர்த்தினாள். "நீங்க அவள அடிச்சிருக்கீங்க."

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. டேவிட்சன் அவற்றைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினான்.

அவன் தெருமுனை திரும்பும்வரை ஜெபக்கனி வாசலைவிட்டு நகரவில்லை.